எம்பராஸிங்கா இருக்குப்பா!

ஆபீஸ்ல ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது காதுல விழுற வார்த்தை 'எம்பராஸிங்'. டெமோ நடுவுல சாஃப்ட்வேர் படுத்துக்கிட்டா எம்பராஸிங். சின்ன வயசு போட்டோவை அம்மா ஊருக்கே காட்டினா எம்பராஸிங். கொடுத்த கடனைத் திருப்பிக் கேக்கணும்னாலும் எம்பராஸிங். எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை!

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அடைத்தல், தடுத்தல் என்பதுதான் பழைய பொருள். 'ஃபைனான்ஷியல் எம்பராஸ்மென்ட்' என்றால் வேறொன்றுமில்லை, நம்ம பணமுடைதான். ஸ்பானிஷில் இதன் உறவுக்காரச் சொல் 'எம்பாராஸாதா'. அதற்கு அர்த்தம் கர்ப்பிணி! அந்தப் பக்கம் ஆன்சைட் போகிறவர்கள் உஷார் :-)

தமிழில் இதற்கு என்ன சொல்? ஒன்றில்லை, பல உண்டு. பிரச்னையே அதுதான். கூச்சம் உடம்பிலிருந்து வருவது. வெயிலில் கண் கூசுகிற மாதிரி, ஐஸ்கிரீமில் பல் கூசுகிற மாதிரி, அடுத்தவர் பார்வை பட்டும் கூசுகிறது. சங்கடம் வடமொழிச் சொல். குறுகலான இடம், இடுக்கு என்பது அதன் மூலப்பொருள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கே, அதில் ஏதாவது ஒன்றில் எதிரே பஸ் வந்து நின்றால் அதுதான் அக்மார்க் சங்கடம். அவமானம் அடுத்தவர் நமக்குச் செய்வது. நாணம் நம் செயலைப் பார்த்து நமக்கே வருவது.

ஏற்காடுன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நண்பர்களோட போயிருந்தோம். சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பேர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. கூட்டத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவை, ஒரு வார்த்தை கேட்காமல், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிப் படம் எடுத்தான் நண்பன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "எம்பராஸ் ஆயிட்டாங்க போல, ஸோ க்யூட்"னு சிரிச்சான்.

"அழிச்சிடுடா"ன்னேன். உடனே பதில் வந்தது: "எல்லார் முன்னாடியும் என்னை எம்பராஸ் பண்ணாதடா!"

கவனிச்சீங்களா? அந்த அம்மாவுக்கும் எம்பராஸ், இவனுக்கும் எம்பராஸ். ரெண்டு பேரும் ஒரே தட்டில்! தமிழில் சொல்லிப் பாருங்க. அந்த அம்மாவுக்கு வந்தது கூச்சம். நண்பனைக் கண்டிக்கவும் முடியாம, சும்மா விடவும் முடியாம எங்களுக்கு இருந்தது தர்மசங்கடம். அவனுக்கு வந்திருக்க வேண்டியது நாணம். யார் செய்தது, யார் பட்டது என்பது சொல்லிலேயே இருக்கு. (படத்தை முணுமுணுத்துக்கிட்டே அழிச்சுட்டான்.)

லஞ்சம் வாங்கி மாட்டினவரைப் பற்றி 'கட்சிக்கு எம்பராஸ்மென்ட்'னு சொல்றதும் இதே கதைதான். ஏதோ காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிட்ட தூசி மாதிரி ஆயிடுது.

வள்ளுவர் இதற்கென்றே 'நாணுடைமை' என்று 102வது அதிகாரத்தை ஒதுக்கியிருக்கார். எடுத்த எடுப்பிலேயே, செய்த செயலுக்காக வெட்கப்படுவதுதான் நாணம், பெண்களின் வெட்கம் வேறு என்று பிரிச்சுடுறார். தன் பழிக்கு மட்டுமில்லாமல் அடுத்தவர் பழிக்கும் நாணுகிறவர்களைத்தான் நாணத்தின் இருப்பிடம் என்கிறார். அதாவது, கூட வந்தவன் பண்ணினதுக்கு நாமும் தலைகுனியணும்.

எம்பராஸிங்கை நாடு கடத்தச் சொல்லலை. டெமோ சொதப்பினா தாராளமா சொல்லிக்குங்க. ஆனா நம்மால இன்னொருத்தர் முகத்தை மூடிக்கிட்டா மட்டும், அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னாடி ஒளியாம, "வெட்கமா இருக்கு, மன்னிச்சுக்குங்க"ன்னு தமிழ்லயே சொல்லிடுவோமே.