வண்ணம் பூசுவதா மீட்பு?

கறுப்பு உடலும் பொன்னிறச் சித்திரமும் கொண்ட பழைய தையல் இயந்திரம் எதுவாயினும், அதற்குத் 'தோல் தைப்பது' என்னும் பட்டம் இணையச் சந்தைகளில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் அது வீட்டில் சட்டையும் பாவாடையும் தைப்பதற்கென்று செய்யப்பட்டது. அதில் செருப்பு வாரைக் கொடுத்தால் ஊசி ஒடியும்; ஒடியாவிட்டால் உள்ளுறுப்புகள் தேயும். ஆகவே மீட்பைப் பற்றிப் பேசுமுன் அடையாளம் காணவேண்டும் என்பது நம் கட்சி.

சிங்கர் 29கே வகையை எடுத்துக்கொள்வோம். செருப்பும் பூட்ஸும் பழுதுபார்ப்பவர்கள் பல நாடுகளில் பயன்படுத்திய ஒட்டுத்தையல் இயந்திரம் இது. 'கே' என்பது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் நகரிலிருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். 1885இல் திறந்த அவ்வாலை 1980இல் மூடப்பட்டது. ஆலை போனபின்னும் அவ்வூர் ரயில் நிலையம் ஒன்றுக்குச் சிங்கர் என்றே பெயர்.

எழுத்தையும் எண்ணையும் படிப்பதற்கு முன்னால் உடலைப் படிப்பது நல்லது. பூட்ஸின் உட்புறம் வரை நுழையும் மெலிந்த நீண்ட கை. அதன் நுனியில் சிறிய ஷட்டில். சாதாரண இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்கள் அடியில் இருக்கும். இதில் அவை இல்லை. மேலிருந்து அழுத்தும் காலே எழுந்து அமர்ந்து தோலை இழுத்துச் செல்கிறது. அந்தக் காலை முழுவட்டமாகத் திருப்பலாம். எத்திசையில் திருப்புகிறோமோ அத்திசையில் தையல் போகும். பூட்ஸைத் திருப்ப முடியாத இடத்தில் இயந்திரம் திரும்பிக்கொடுக்கிறது! இவ்வளவையும் மனத்தில் கொண்டால், அலங்காரச் சித்திரத்தைக் காட்டி நம்மை யாரும் ஏமாற்ற இயலாது.

உடலில் பொறித்த வரிசை எண் ஆண்டைச் சொல்லும். 1900ஐ ஒட்டிய காலம்வரை வெறும் இலக்கங்கள். பின்னர் இலக்கங்களுக்கு முன் எழுத்துகளும் சேர்ந்தன. ஆனால் கிடைக்கும் ஆண்டு, அந்த எண்கள் தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஆண்டுதான், விற்பனையான நாளன்று.

இனி மீட்பு. பல்லாண்டு இறுகிப் பிசினாகிப்போன எண்ணெயை மண்ணெண்ணெய் இளக்கும். அதன்பின் மெஷின் எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையாலேயே மெல்லச் சுற்றவேண்டும். அவசரப்பட்டு மிதிப்பவர்கள் பற்களை உடைக்கிறார்கள். ஷட்டிலை ஓட்டும் பற்கள் தேய்ந்திருந்தால் தையல் விட்டுவிட்டு விழும். காலை இயக்கும் நெம்புகோல் தேய்ந்திருந்தால் தையலின் நீளம் குறுகும். இவற்றை மாற்றுவதில் பிழையில்லை. ஊசியும் அப்படியே: 29×3 துணிக்கு, வெட்டுமுனையுள்ள 29×4 தோலுக்கு.

மேற்பூச்சு இத்தகையதன்று. அது நிலக்கீல் கலந்த கறுப்பைப் பூசிச் சூளையில் சுட்டது. சித்திரத்தின்மேல் உள்ள மெருகில் ஸ்பிரிட் பட்டால் அதுவும் கரையும், பொன்னும் போகும். இருந்தும் நம்மில் பலர் 'புதுப்பித்தல்' என்றதும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, தெளிப்பானால் பளபளவென்று அடித்து, வேறு வகை இயந்திரத்தின் சித்திரத்தை ஒட்டிவிடுகிறார்கள். வரிசை எண்ணும் வண்ணத்தில் மூழ்கிப்போகிறது. தொழிலாளியின் கை நாள்தோறும் உரசி உரசிப் பொன் தேய்ந்த இடம் இருக்கிறதே, அது அழுக்கா?

பதிப்புத்துறையில் பழகியவர்களுக்கு இது புதிய கேள்வியாகாது. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. யாரோ ஒரு புலவர் இரண்டு பாடல் எழுதிச் செருகியிருந்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? இரும்பென்றால் மட்டும் கைகொட்டுகிறோம்.

இன்னும் இதை மிதித்துப் பிழைக்கும் தொழிலாளி மழையிலிருந்து காக்கப் பச்சை வண்ணம் அடித்தாலும் நமக்கு வழக்கில்லை. அது அவருடைய கருவி; அந்தப் பச்சையும் அதன் வரலாற்றில் ஓர் ஏடுதான். அலமாரியில் வைக்க வாங்கி, அதையும் சுரண்டி எடுப்பவரிடம்தான் நம் வழக்கு.