கிழவர் குரலுக்குத் தேய்மானம் எழுதாதீர்கள்

வயதான ராக் பாடகர் ஒருவர் லைவ் ஆல்பம் வெளியிட்டால் போதும், ஒரு கூட்டம் கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். "இருக்கிற பாட்டையே திரும்ப விக்கிறாருய்யா." "குரலே போச்சு, இன்னும் எதுக்கு மேடை?" "பேங்க்ல காசு தீர்ந்திருக்கும், அதான் வந்துட்டாரு." இந்த மூன்று வசனங்களை விட்டால் நான்காவது கிடையாது. பாடகர் யாராக இருந்தாலும், ஊர் எதுவாக இருந்தாலும் இதே மூன்றுதான். அந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கும் ரசிகனுக்கும் ஒரு பட்டம் தயாராக இருக்கும்: ஏமாளி.

இந்த மூன்று வசனங்களும் எவ்வளவு பெரிய ஜல்லி என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆல்பம் போதும். லியோனார்ட் கோஹனின் 'லைவ் இன் லண்டன்'. 2008 ஜூலை 17 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பதிவானது. சுமார் 20,000 பேர் கொள்ளும் இடம். அன்று கோஹனுக்கு வயது 73. ஆல்பம் 2009-ல் இரண்டு குறுந்தகடுகளாகவும் டிவிடியாகவும் வந்தது. மொத்தம் சுமார் இரண்டரை மணி நேரம்.

"கோஹன் எங்கேய்யா ராக் ஸ்டார்? அவர் கவிஞராச்சே" என்று சிலர் கிளம்புவார்கள். வாஸ்தவம்தான். கனடாவின் மான்ட்ரியலில் 1934-ல் பிறந்து, 1956-ல் முதல் கவிதைத் தொகுப்பு, பிறகு இரண்டு நாவல்கள், அதற்கப்புறம்தான் 33 வயதில் முதல் பாட்டு ஆல்பம். ஆனாலும் 2008 மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். மேடையேறி அறிமுகம் செய்தவர் லூ ரீட். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நாம் என்ன சொல்ல? மேட்டருக்கு வருவோம்.

முதல் வசனம்: அதே சரக்கு, புது அட்டைப்பெட்டி.

கேட்க நியாயமாகத்தான் தெரியும். 'லைவ் இன் லண்டன்' பட்டியலைப் பார்த்தால் புதுப் பாட்டு என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. 'சுசான்', 'சோ லாங் மரியான்' எல்லாம் 1967 சரக்கு. ஆனால் பட்டியலைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது, ஐந்தொகையின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தணிக்கை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதைப் போன்றது. உள்ளே போக வேண்டாமா?

'ஹூ பை ஃபயர்' என்றொரு பாட்டு. 1974-ல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் யோம் கிப்பூர் போரின்போது சினாய் பாலைவனத்தில் போர்வீரர்களுக்குப் பாடிவிட்டு வந்தவர் கோஹன். யூதர்கள் அந்தப் புனித நாட்களில் ஓதும் பழைய பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. வருகிற ஆண்டில் யார் நெருப்பில் சாவார், யார் நீரில் சாவார் என்று அடுக்கிக்கொண்டே போகும். அந்தப் பிரார்த்தனையிலிருந்து பிறந்த பாட்டு இது. ஸ்டூடியோவில் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். லண்டனில் அதுவே ஆறு நிமிடத்தைத் தாண்டுகிறது. ஸ்பெயின்காரர் ஹாவியர் மாஸ் தன் நரம்புக் கருவியில் தனியாக, அவசரமே இல்லாமல் ஆரம்பிக்கிறார். அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறது. அதன் பிறகுதான் கோஹனின் குரல் உள்ளே வருகிறது.

சாவு எந்த வழியாக வரும் என்று நாற்பது வயதுக்காரர் கேட்டால் அது தத்துவம். எழுபத்து மூன்று வயதுக்காரர் அதையே கேட்டால்? வார்த்தை மாறவில்லை, மெட்டு மாறவில்லை. கேள்வி மாறிவிட்டது. இதைப் போய் 'அதே சரக்கு' என்றால் என்ன சொல்வது!

சந்தேகம் தீராதவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. அதே 2009-ல் கோஹனின் வேறொரு மேடைப் பதிவும் வெளியானது. 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த திருவிழாவில் அவர் பாடியது. லட்சக்கணக்கில் கூட்டம், வேலிகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள், அங்கங்கே தீ, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பாடி முடித்த பிறகான நடுநிசி. 35 வயது கோஹன் கொந்தளிக்கும் அந்தக் கூட்டத்தைச் சமாதானப்படுத்துவது போல மெதுவாகப் பேசிப் பேசிப் பாடுகிறார். அதிலும் 'சுசான்' உண்டு, லண்டனிலும் 'சுசான்' உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுவோம், பாவம்.

எல்லா லைவ் ஆல்பமும் உத்தமம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கிஸ் குழுவின் 'அலைவ்!' (1975), தின் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' (1978) இரண்டிலுமே மேடையில் பதிவானதன் மேல் ஸ்டூடியோவில் பூச்சு வேலை நடந்திருக்கிறது. எவ்வளவு பூச்சு என்பதில்தான் இன்றுவரை தகராறு. அதையெல்லாம் திட்டுங்கள், நியாயம். ஆனால் கலப்படப் பால் விற்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காகப் பாலே ஏமாற்று என்று சொல்வீர்களா?

இரண்டாவது வசனம்: குரல் போச்சு.

இங்கேதான் நம் கணக்குப் பிள்ளைகள் வசமாக மாட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு தேய்மானம். இயந்திரம் வாங்கிய வருடம் இவ்வளவு, வருடா வருடம் பத்து சதவீதம் கழி, கடைசியில் இரும்பு விலைக்குப் போடு. பாடகரின் தொண்டையையும் அப்படியே நேர்க்கோட்டு முறையில் எழுதித் தள்ளிவிடுகிறார்கள்.

கோஹன் விஷயத்தில் இந்தக் கணக்கு ஆரம்பத்திலேயே தப்பு. 1967-லேயே அவருடையது பெரிய குரல் ஒன்றும் இல்லை. ஒரே ஸ்வரத்தில் முனகுகிறார் என்று அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு. வயது ஏற ஏற அந்தக் குரல் கீழே கீழே இறங்கியது. 1988-ல் 'ஐ'ம் யுவர் மேன்' வந்தபோது கிணற்றின் பாதியில் இருந்தது. 2008-ல் தரையைத் தொட்டுவிட்டது. உச்சஸ்தாயி கிடையாது, பிருகா கிடையாது. இருப்பது ஒரு கரகரப்பும், வார்த்தையை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற துல்லியமும்தான். அந்தப் பாட்டுகளுக்கு வேண்டியதும் அதுதான்.

'டவர் ஆஃப் சாங்' அதற்கு நல்ல சாட்சி. முதுமையைப் பற்றியும் பாட்டுத் தொழிலைப் பற்றியும் அவர் எழுதியது. வெளியானபோது அவருக்கு 53 வயது. ஐம்பத்து மூன்றில் முதுமைப் பாட்டு என்பது கொஞ்சம் முன்கூட்டியே அழுவது மாதிரிதான். லண்டனில் 73 வயதில் பாடும்போது பாட்டுக்கு ஏற்ற ஆள் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டார். தன் குரலையே கிண்டல் செய்துகொள்ளும் ஒரு வரி அதில் வருகிறது. அந்த இடத்தில் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. நடுவில் ஒரு கீபோர்டு வாசிப்பு, ஒற்றை விரலில் குழந்தை தட்டுவது போல. அதற்கும் கைதட்டல் பிளக்கிறது. குரல் போய்விட்டது என்று 20,000 பேருக்கும் தெரியும், பாடுகிறவருக்கும் தெரியும். தெரிந்தேதான் இரண்டு தரப்பும் சிரிக்கிறது. தெரியாதது நம் கணக்குப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பி.காம். படித்த யாருக்கும் இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கும்: மறுமதிப்பீட்டுக் கணக்கு. புதுக் கூட்டாளி உள்ளே வரும்போது சொத்துகளைத் திரும்ப மதிப்பிடுவார்கள். இயந்திரத்தின் மதிப்பு இறங்கும், நிலத்தின் மதிப்பு ஏறும். நாற்பது வருடம் முன்பு வாங்கிய மனையை வாங்கிய விலையிலேயே ஏட்டில் வைத்திருப்பவன்தான் உண்மையில் பொய்க் கணக்கு எழுதுகிறவன்.

'ஹாலேலூயா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் அந்தப் பாட்டு இருந்த 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது. சந்தை இல்லையாம்! அங்கே ஒரு சின்ன நிறுவனம்தான் அதை வெளியிட்டது. பிறகு 1991-ல் ஜான் கேல் பாடினார், 1994-ல் ஜெஃப் பக்லி பாடினார், 2001-ல் 'ஷ்ரெக்' படத்தில் வந்தது. 2008 டிசம்பரில் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' போட்டியில் வென்ற அலெக்சாண்ட்ரா பர்க் பாடியது முதலிடம், பக்லி பாடியது இரண்டாம் இடம், கோஹனின் சொந்தப் பதிவும் முதல் 40-க்குள். 24 வருடம் முன்பு தள்ளுபடியான சரக்கு! அடுத்த சில மாதங்களில் 'லைவ் இன் லண்டன்' வருகிறது. ஊரெல்லாம் பாடிவிட்ட தன் பாட்டை எழுதியவரே திரும்ப வாங்கிக்கொள்கிறார், ஏழு நிமிடத்துக்கு. இதற்குப் பெயர் தேய்மானமா, மறுமதிப்பீடா? நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது வசனம்: காசுக்காக வந்தார்.

ஆமாம், காசுக்காகத்தான் வந்தார். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

1994-லிருந்து ஐந்து வருடம் கலிஃபோர்னியாவின் மவுண்ட் பால்டி ஜென் மடத்தில் இருந்தவர் கோஹன். 1996-ல் துறவியாகவே தீட்சை வாங்கினார். கீழே இறங்கி வந்த சில வருடங்களில் தெரிந்தது, ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி காணோம். நெடுநாள் மேலாளர்மீது 2005-ல் வழக்குப் போட்டார். 50 லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது என்பது அவர் தரப்பு. 2006-ல் 90 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தீர்ப்பைக் காகிதத்தில் வாங்குவது ஒன்று, பணத்தைக் கையில் வாங்குவது வேறு. எழுபது தாண்டிய மனிதர் 15 வருடம் கழித்துத் திரும்ப மேடையேறியதற்கு முதல் காரணம் இதுதான்.

சரி. அதனால்? தச்சர் கூலிக்கு நாற்காலி செய்தால் நாற்காலி ஆடுமா? கூலி வாங்காமல் செய்த நாற்காலி மட்டும்தான் உட்காரத் தகுந்ததா? நம்மில் ஒவ்வொருவரும் சம்பளத்துக்காகப் படிப்போம், சம்பளத்துக்காக வேலைக்கு அலைவோம். பாட்டுக்காரன் மட்டும் பட்டினி கிடந்து பாட வேண்டும், இல்லாவிட்டால் அது 'கமர்ஷியல்'. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவர்கள் அநேகமாக டிக்கெட்டை ஓசியில் வாங்கியவர்களாக இருக்க வேண்டும்.

காசு அவரை மேடைக்குக் கொண்டுவந்தது. மேடையில் நடந்ததற்குக் காசு விளக்கம் ஆகாது. நேராகப் பெரிய அரங்கங்களுக்குப் போய் அள்ளியிருக்கலாம். அவர் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, 2008 மே 11 அன்று கனடாவின் ஃபிரெடெரிக்டன் என்ற சிறு நகரத்தில் சுமார் 700 இருக்கைகள் கொண்ட அரங்கில்தான் தொடங்கினார். லண்டன் பதிவில் கேளுங்கள், ஒவ்வொரு இசைக்கலைஞரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார், சலிக்காமல் திரும்பத் திரும்ப. டிவிடியில் பார்த்தால், யாராவது தனியாக வாசிக்கும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். 'பூகி ஸ்ட்ரீட்' பாட்டை ஷேரன் ராபின்சனிடம் கொடுத்துவிடுகிறார். 'இஃப் இட் பி யுவர் வில்' தொடக்கத்தைத் தான் பேச்சாகச் சொல்லிவிட்டு, வெப் சகோதரிகளிடம் பாட்டை ஒப்படைத்து ஒதுங்கி நிற்கிறார். கல்லாவை மட்டும் பார்க்கிறவன் இப்படியா தன் வெளிச்சத்தை ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பான்?

நடுவில் ஒரு பேச்சு வருகிறது. கடைசியாக இந்த ஊர் மேடையில் நின்றபோது தனக்கு அறுபது வயதுதான், கனவு காணும் சின்னப் பையன் என்கிறார். அதற்கப்புறம் தான் விழுங்கிய மனச்சோர்வு மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறார். மதங்களையும் தத்துவங்களையும் ஆழமாகப் படித்துப் பார்த்தாராம், என்ன செய்தும் சந்தோஷம் குறுக்கே வந்துகொண்டே இருந்ததாம். அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. சொத்தைப் பறிகொடுத்த ஒரு மனிதரின் வாயிலிருந்து வருகிற வார்த்தை இது. எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இது கிடைக்காது.

பிறகும் அவர் நிறுத்தவில்லை. 2009 செப்டம்பரில் ஸ்பெயினின் வாலென்சியாவில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். மூன்றே நாளில், தன் 75-வது பிறந்தநாளில், பார்சிலோனாவில் பாடினார். அந்தப் பயணம் 2010 டிசம்பர் வரை ஓடியது. 2012-ல் புதுப் பாட்டுகளோடு 'ஓல்ட் ஐடியாஸ்' ஆல்பம், அதையொட்டி இன்னொரு சுற்றுப்பயணம். கடைசி மேடை 2013 டிசம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து. 2016 நவம்பர் 7 அன்று 82 வயதில் இறந்தார். அதற்கு 17 நாள் முன்புகூட ஒரு புது ஆல்பம் வந்தது. காசுக்காக வந்த ஆள் காசு சேர்ந்ததும் கிளம்பியிருக்க வேண்டும் இல்லையா?

ஒரு இடத்தில் மட்டும் எதிர்க்கட்சிக்குப் பாதி வெற்றி கொடுக்கலாம். லண்டன் ஆல்பம் ஓடியதும் 2010-ல் 'சாங்ஸ் ஃப்ரம் தி ரோட்', 2014-ல் 'லைவ் இன் டப்ளின்', 2015-ல் இன்னொன்று என்று மேடைப் பதிவுகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் வாங்கி அடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ரசிகனுடைய அன்பு எவ்வளவு தாங்கும் என்று கம்பெனிகள் சோதித்துப் பார்ப்பது உண்மைதான். அந்தக் கோபத்தைக் கம்பெனியிடம் காட்டுங்கள். 73 வயதில் தன் பழைய பாட்டுகளைப் புதிதாக எடைபோட்டுப் பார்த்த ஒரு மனிதரிடமும், அதைக் கேட்டுக் கண் கலங்கிய ரசிகனிடமும் காட்டாதீர்கள். அந்த ரசிகன் ஏமாளி இல்லை. பழைய பாட்டு தன்னோடு சேர்ந்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அவன் காசு கொடுக்கிறான். அதற்கு இரண்டு குறுந்தகட்டின் விலை ரொம்ப மலிவு.

பி.கு: முதல்முறை கேட்கிறவர்கள் 'ஹாலேலூயா'விலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 'ஹூ பை ஃபயர்' ஸ்டூடியோ பதிவை முதலில் கேளுங்கள். உடனே லண்டன் பதிவைக் கேளுங்கள். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. அதற்கப்புறமும் 'குரல் போச்சு' என்று தோன்றினால் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.