எங்கே இறங்குவீர்கள்?

‘உன் சொந்த ஊர் எது?’ தமிழகத்திற்கு வெளியே வளரும் நம் மாணவர்களிடம் இவ்வினாவைக் கேட்டால், விடை வரச் சற்று நேரமாகிறது. சிலர் தாத்தாவின் ஊரைச் சொல்கின்றனர். சிலர் இப்போது குடியிருக்கும் நகரைச் சொல்கின்றனர். இங்கே ‘மதராசி’ என்றும், கோடை விடுமுறைக்குச் செல்லும் ஊரில் ‘பம்பாய்க்காரப் பிள்ளை’ என்றும் அழைக்கப்படும்போது, தாம் இரண்டு ஊருக்குமே விருந்தாளியோ என்று அவர்கள் வருந்துவதை வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். மாணவர்களே, இதற்கு நான் கண்ட விடையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அதை எனக்குக் கற்பித்தது மும்பையின் புறநகர் மின்தொடர்வண்டி.

பணியிட மாறுதலில் கோவில்பட்டியிலிருந்து மும்பைக்கு வந்தபோது எனக்கு மராத்தி தெரியாது. இந்தியும் தட்டுத்தடுமாறியே வந்தது. மாலைதோறும் சயான் நிலையத்தில் மகளிர் பெட்டியில் ஏறி, டோம்பிவிலியில் இறங்குவேன். முதல் வாரம் முழுவதும் நின்றபடியே சென்றேன். பிறகுதான் அப்பெட்டியின் வழக்கம் புரிந்தது. நிற்பவர், அமர்ந்திருப்பவரிடம் ‘குட்டே உத்தர்ணார்?’ என்று கேட்பார். ‘எங்கே இறங்குவீர்கள்?’ என்பது அதன் பொருள். ‘தாணே’ என்று விடை வந்தால், தாணேயில் அந்த இருக்கை கேட்டவருக்கு உரியதாகிவிடும். எங்கும் எழுதிவைக்கப்படாத இவ்விதியைப் பெரும்பாலோர் மதிக்கின்றனர்.

மூவர் அமரும் இருக்கையில் நான்காமவருக்கும் இடமுண்டு. ‘தோட சர்கா’, அதாவது ‘சற்று நகருங்கள்’ என்றால், மூவரும் நெருங்கி அமர்வர். விளிம்பில் ஒருவர் ஒட்டிக்கொள்ளுமளவு இடம் கிடைக்கும். ஒருநாள், வீட்டுச் சமையலுக்காக வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டே வந்த மூதாட்டி ஒருவர், நான் கேட்காமலேயே நகர்ந்து, ‘தாயி, பசா’ என்று என்னை அமரச் சொன்னார். மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்கா. என் செவியிலோ அது எங்கள் ஊர்ப் பாட்டிமார் வாஞ்சையோடு அழைக்கும் ‘தாயி’யாகவே ஒலித்தது. மறுநாள் நானும் அவர் மடியிலிருந்த கீரையில் பாதியை வாங்கி ஆய்ந்தேன். தசராவுக்கு முன் பெட்டியை மலர்ச்சரங்களால் அலங்கரித்து வழிபட்டபோது, ஆயுத பூசைச் சுண்டல் செய்து கொண்டுசென்றேன்.

‘சொந்த ஊர் எது?’ என்பது நாம் எங்கிருந்து வந்தோம் என்று கேட்கும் வினா. ‘எங்கே இறங்குவீர்கள்?’ என்பது நாம் எதுவரை உடன்வருவோம் என்று கேட்கும் வினா. முதல் வினாவின் விடையைப் பிறப்பு முடிவு செய்துவிடுகிறது. இரண்டாம் வினாவுக்கு எம்மொழியாரும் விடை கூறலாம். ஓர் ஊருக்கு உரியவராதல் பிறப்பால் மட்டும் அமைவதன்று. நாள்தோறும் ஒரே வழியில் சென்று, இடம் பெற்றும் இடம் கொடுத்தும் வருவதால் அமைவது என்பதே என் கருத்து.

இத்தடத்தின் வரலாறும் அதையே காட்டுகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி, போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது இவ்வழியில்தான். சயானை அடுத்த தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்களும், குசராத்திலிருந்து வந்த குயவர்களும் குடியேறினர். அவர்களும் ஒருநாள் புதியவர்களாக வந்து இறங்கியவர்களே.

‘நெரிசலையா போற்றுகிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நெரிசல் துன்பமே, ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து உயிரிழப்போரும் உளர். அன்றாடம் சண்டையும் நிகழ்கிறது. சில குழுவினர் கைப்பைகளை வைத்துத் தம் தோழியருக்கே இடம் பிடிப்பர். புதியவர் அமர்ந்தால் கடிந்து எழுப்புவர். நானும் அவ்வாறு எழுப்பப்பட்டிருக்கிறேன். அவர்களுக்குள் இருப்பது நட்பே என்றாலும், பிறரை எழுப்பி நிறுத்தும் நட்பை நான் உறவென்று ஏற்கமாட்டேன்.

இதே தவற்றை நாமும் செய்கிறோம். ஆண்டின் நடுவே ஒடிசாவிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ ஒரு மாணவர் நம் வகுப்பில் சேர்கிறார். உணவு இடைவேளையில் நாம் நால்வர் கூடித் தமிழில் பேசிச் சிரிக்கிறோம். அவர் கடைசி இருக்கையில் தனியே உண்கிறார். தமிழில் பேசுவதை விட்டுவிடுமாறு நான் கூறவில்லை. அது நம் உரிமை, நம் செல்வம். ஆனால், நம்மை ‘மதராசி’ என்று ஒதுக்கியபோது நொந்த நாம், இன்னொருவரை ஒதுக்கலாமா? சற்று நகர்ந்து அமர்ந்தால் போதும். பேசிக்கொண்டிருந்த செய்தியை அவருக்குப் புரியும் மொழியில் ஒருமுறை சொன்னால் போதும்.

இனி எவரேனும் உங்கள் சொந்த ஊரைக் கேட்டால், தாத்தாவின் ஊரையும் சொல்லுங்கள். நாள்தோறும் நீங்கள் ஏறி இறங்கும் நிலையத்தின் பெயரையும் சொல்லுங்கள். இரண்டும் உங்களுக்குச் சொந்தமே. நீங்கள் பள்ளிக்கு வரும் பேருந்திலோ தொடர்வண்டியிலோ உங்களுக்கு இடம் கொடுத்தவர் யார், நீங்கள் இடம் கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்த்து, ஒரு பத்தி எழுதி வாருங்கள். என் கருத்தை மறுத்து எழுதினாலும் மகிழ்வோடு படிப்பேன்.