குரல் போன இடமெல்லாம்



லண்டனில் மில்க் பார் என்றொரு நடன விடுதி இருந்தது. அதன் கழிப்பறைக்குள் போய்ப் பதிவுசெய்த பாட்டு ஒன்று, 1993இல் வந்த ‘டெபியூ’ தொகுப்பில் இருக்கிறது. நடுவில் கதவு சாத்தப்படுகிறது. வெளியே ஆட்டத்தின் இரைச்சல் சட்டென்று அடங்க, பாடுகிறவரின் குரல் மட்டும் தொடர்கிறது. இந்த இதழின் இசைப் பக்கங்களில் நீங்கள் சந்திக்கப்போகும் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அவர்தான்.

1995இல் வந்த ‘போஸ்ட்’ தொகுப்புக்காக பஹாமாஸ் போனவர், மைக்கின் வயரை நீளமாக இழுத்துக்கொண்டு கடற்கரையில் நின்று பாடினார். ஒரு பாட்டை ஒரு குகைக்குள் பாடிப் பதிந்தார். விளம்பரத்துக்காகச் செய்த குறும்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ரெய்க்யவிக்கில் பள்ளிக்கு நடந்துபோகும் வழியெல்லாம் குளிர்காற்றில் வாய்விட்டுப் பாடிய சிறுமி அவர். முதல் தொகுப்பைப் பதிவுசெய்தபோது வயது 11. நடக்கும்போதுதான் மெட்டு வருகிறது என்று இன்றும் சொல்கிறவர். பாட்டு வேறு, பதிவு வேறு என்று அவரிடம் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எங்கே நின்று பாடுவது, எதைத் தட்டுவது என்பதும் பாட்டுக் கட்டுவதிலேயே சேர்த்தி.

2001இல் வந்த ‘வெஸ்பர்டைன்’ இதற்கு நல்ல சாட்சி. இணையத்திலிருந்து பாட்டை இறக்கிக் கேட்கும் பழக்கம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. கணினியின் சின்ன ஸ்பீக்கரிலும் கெடாத ஒலிகள் எவை என்று தேடி ஹார்ப், செலஸ்டா, சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டி என்று தேர்ந்துகொண்டார். இசைப்பெட்டியை மரத்தில் செய்தால் ஒலி மெத்தென்று வரும். அவர் கேட்டதோ உறைந்து விறைத்த ஒலி. அதனால் கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக்கில் செய்துதரச் சொன்னார்.

அந்தத் தொகுப்பின் தாளங்களில் பெரும்பகுதியை மூன்றாண்டுகள் உட்கார்ந்து தானே செய்ததாகவும், கடைசி இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்த, மாட்மாஸ் என்ற இசை இரட்டையரின் கைவண்ணம் என்றே பத்திரிகைகள் எழுதியதாகவும் 2015இல் ஒரு பேட்டியில் ஆதங்கப்பட்டார். அந்த இருவரில் ஒருவரே மறுத்தும் எடுபடவில்லையாம். பத்திரிகைத் தொழிலில் இருக்கிற எனக்கு அதைப் படிக்கச் சங்கடமாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2004இல் வந்த ‘மெடுல்லா’. வாத்தியங்களோடு தொடங்கிய வேலை அது. ஒலிகளைக் கலக்கும்போது வாத்தியங்களை நிறுத்திப் பார்த்தவருக்குக் குரல்களே போதும் என்று பட்டுவிட்டது. இனுயிட் தொண்டைப்பாட்டுக்காரர் டான்யா டகாக், வாயாலேயே தாளம் போடும் ரசேல், ஐஸ்லாந்திலிருந்தும் லண்டனிலிருந்தும் கூட்டுப்பாடகர்கள் எனக் குரல்களே தாளமாகவும் சுருதியாகவும் நிற்கின்றன. ஓரிரு இடத்தில் பியானோ எட்டிப்பார்ப்பதோடு சரி. அந்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இதிலிருந்துதான் ஒரு பாட்டைப் பாடினார். அவர் உடுத்தியிருந்த உடை விரிந்து விரிந்து, மைதானத்தில் நின்ற வீரர்களின் தலைக்கு மேல் பரவியது.

எல்லாமே தேறிவிட்டன என்று சொல்லமாட்டேன். 2011இன் ‘பயோஃபிலியா’வுக்காக ஊசல் ஆட ஆட மீட்டும் ஹார்ப், செலஸ்டாவுக்குள் இந்தோனேசிய கமெலான் இசையின் ஒலி தரும் உலோகத் தகடுகள், மின்பொறி பறக்கவிட்டுப் பாடும் டெஸ்லா சுருள் என்று புதுப்புதுக் கருவிகள் பிறந்தன. கூடவே வெளியான செயலியை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2014இல் தன் சேகரிப்பில் சேர்த்தது. அங்கே நுழைந்த முதல் செயலி அதுதான். ஆனால், கருவிகளைப் பற்றிப் படிக்கும்போது இருந்த சுவாரசியம், சில பாடல்களைக் கேட்கும்போது எனக்கு இல்லை.

2022இன் ‘ஃபொஸ்ஸோரா’ வேறு ரகம். அடிக்குரலில் முனகும் பேஸ் கிளாரினெட்டுகளும் பூமி அதிரும் தாளமுமாகப் போகும் அந்தத் தொகுப்பில், 2018இல் மறைந்த தாய்க்கு இரண்டு பாடல்கள் இருக்கின்றன. ஒன்றில் பியோர்க்கின் மகன் சிந்த்ரியும் சேர்ந்து பாடுகிறார். இந்த இதழ்க் கட்டுரை அந்த இரண்டைப் பற்றித்தான் விரிவாகப் பேசுகிறது.

சோதனை இசை என்றாலே தயங்குகிறவர்கள் 1990இல் வந்த ‘க்ளிங்-க்ளோ’விலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் ஐஸ்லாந்து மொழியில், ஒரு ஜாஸ் குழுவோடு அவர் துள்ளலாகப் பாடிய பாடல்கள். அதன் பிறகு ‘மெடுல்லா’வுக்கு வாருங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்றால் எந்தப் பாட்டில் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழின் கடிதப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்