தாமதத்துக்கு நியூட் பொறுப்பல்ல

இங்கிலாந்தில் வீடு கட்டத் தாமதமானால் அரசியல்வாதிகள் கூண்டில் ஏற்றுவதற்கென்றே ஒரு சின்ன உயிரி இருக்கிறது. பெரிய கொண்டை நியூட். பார்ப்பதற்குப் பல்லி மாதிரி, உறவுமுறையில் தவளைக்கு நெருக்கம். ஒரு சாண்கூட இருக்காது. கருத்த முதுகு, ஆரஞ்சு வயிறு. 2020 ஜூனில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், நியூட்களை எண்ணும் தாமதம் நாட்டின் வளர்ச்சியையே இழுத்துப் பிடிக்கிறது என்றார். 2025 ஜனவரியில் எதிர்முகாமின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸும் வௌவால், நியூட் கவலையை ஓரங்கட்டிவிட்டுக் கட்டுமானத்தைப் பார்க்கலாம் என்ற தொனியில் பேசினார். கட்சி வேறு, பாட்டு ஒன்று.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி, நாள்காட்டியைப் பார்க்காதவர்களின் புலம்பல்.

கட்டட அனுமதி கேட்பதற்கு முன் அங்கே நடப்பது ஆரம்பநிலை சூழலியல் ஆய்வு. சூழலியலாளர் முதலில் அந்த வட்டாரத்தின் உயிரினப் பதிவுகளைப் புரட்டுகிறார். பிறகு மனையைச் சுற்றி நடக்கிறார். வேலிப்புதர், குட்டை, பழைய வீட்டின் ஓட்டு இடுக்கு, வளைக்கரடி தோண்டிய பொந்து என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார். விலங்குகளை எண்ணுவது இந்தக் கட்டத்தில் வேலையே இல்லை; இங்கே எவை வாழக்கூடும், அடுத்து எதைத் தேட வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. சிறிய மனை என்றால் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். நியூட்டைக் குட்டையில் தேடுவதற்கு மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரைதான் காலம். குட்டை நீரில் அதன் டிஎன்ஏ இருக்கிறதா என்று சோதிப்பதானாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30க்குள் நீரை எடுத்தாக வேண்டும். கூரையிலிருந்து வௌவால் வெளியேறுவதை அந்தி நேரத்தில் உட்கார்ந்து பார்க்க மே முதல் செப்டம்பர் வரை. மனையை வாங்கி, வரைபடம் போட்டு, வங்கிக் கடனும் வாங்கிய பிறகு அக்டோபரில் சூழலியலாளரைக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் வசந்தம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதற்கு நியூட் என்ன செய்யும்?

“அனுமதியைக் கொடுத்துவிட்டு, ஆய்வைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமே” என்றும் நழுவ முடியாது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் இருக்கிறதா என்பதை அனுமதிக்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் அரசுச் சுற்றறிக்கை. வௌவால்கள் தங்கிய ஒரு வீட்டை இடிக்க செஷயர் கிழக்கு உள்ளாட்சி மன்றம் கொடுத்த அனுமதியை 2009இல் உயர் நீதிமன்றம் ரத்தே செய்தது. வௌவால் போன்ற உயிரினங்களைக் காக்கும் சட்டத்தை மன்றம் உரியபடி கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் காரணம்.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம், பக்கிங்ஹாம்ஷயரின் ஷீப்ஹவுஸ் காட்டருகே எச்எஸ்2 அதிவேக ரயில் பாதைமேல் எழும் ‘வௌவால் கூடாரம்’. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. கேட்டால் யாருக்கும் வாய் பிளக்கும்தான். ஆனால் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று தாங்கள் கோரவில்லை என்கிறது அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து. காட்டை ஒட்டிப் பாதை போட முடிவெடுத்துவிட்டால் அப்புறம் எந்தத் தீர்வும் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும். ஆய்வு முன்கூட்டியே வேண்டும் என்பதற்கே இது சாட்சி.

உண்மையான ஓட்டை வேறிடத்தில். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 42 குடியிருப்புத் திட்டங்களைப் போய்ப் பார்த்து 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காகிதத்தில் வாக்களித்த இயற்கை ஏற்பாடுகளில் ஏறக்குறைய பாதி தரையில் இல்லை. வௌவால் பெட்டிகளில் நான்கில் மூன்று காணோம். அமைச்சர்களின் மேடைப் பேச்சில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

இந்தியாவில் கதை தலைகீழ். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களைப் பொதுவாகத் தொடுவதே இல்லை. அதற்கு மேற்பட்ட திட்டங்கள் பலவற்றுக்கும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத் தரவு இருந்தால் போதும் என்பதே நடைமுறை. தமிழகத்திலோ ஏரி நிரம்புவதும் தவளை கத்துவதும் வடகிழக்குப் பருவமழையில். வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும் அதை ஒட்டித்தான். மார்ச்சிலிருந்து மே வரை எடுத்த கணக்கில் இவற்றில் எது அகப்படும்? கூடுதல் ஆய்வு கேட்க நிபுணர் மதிப்பீட்டுக் குழுக்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நீர்நிலையை ஒட்டிய திட்டம் எதுவானாலும், அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான தரவு இல்லாத அறிக்கையை அவை திருப்பி அனுப்பத் தொடங்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.