கிரீச் புராணம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நின்று பாருங்கள். வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைத்தவர்கள், ஒரு மாறுதலுக்காக சைக்கிள் மேல் முதுகு வளைத்துக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் பறப்பார்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில், தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற ஆசாமி அடியேன்.

மூன்று மாதம் முன்பு வரை சத்தமில்லாமல்தான் கடைசியில் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அக்கரை தாண்டியதும் ஆரம்பித்தது. வலது கால் மிதித்தால் கிரீச். இடது கால் மிதித்தால் டக். கிரீச்... டக். கிரீச்... டக். முன்னால் போனவர் திரும்பிப் பார்த்து, ''சார், அது உங்க முழங்காலா?'' என்றார்.

சத்தம் சீட்டுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. கடையில் காட்டினேன். பையன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, ''பாட்டம் பிராக்கெட் போயிடுச்சு சார்'' என்றான், வீட்டில் யாரோ போய்விட்ட குரலில். கிராங்க் சுற்றுகிற அச்சும் பேரிங்கும்தான் பாட்டம் பிராக்கெட். நாலாயிரத்து முந்நூறு ரூபாய். பழசை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தான். வீட்டுக்கு வந்து விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது. வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஞாயிறு, எதிர்பார்த்தபடியே, கிரீச்... டக்.

பையன் மேல் குற்றமில்லை. சைக்கிள் ஃபிரேம் என்பது காலிக் குழாய். கடத்தில் எங்கே தட்டினாலும் கடம் முழுக்கப் பேசுமில்லையா, அந்தக் கதைதான். பெடலில் பிறக்கிற சத்தம் சீட்டில் கேட்கும், ஹேண்டில்பாரில் கேட்கும், சமயத்தில் பக்கத்து சைக்கிளில்கூடக் கேட்கும்.

இந்த இடத்தில் என் பெடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதற்குப் பேர் 'கிளிப்லெஸ்'. அதாவது கிளிப் இல்லாதது. ஆனால் மிதிக்கும்போது ஷூவை இதில் 'டப்' என்று கிளிப் பண்ணிக்கொள்ள வேண்டும்! காரணம், முந்தி பந்தய சைக்கிளில் கால்விரலுக்கு ஒரு கம்பிக் கூண்டும் தோல் வாரும் இருந்தன. அந்தக் கூண்டுதான் கிளிப். பனிச்சறுக்குக் கட்டைக்கு மாட்டி செய்துகொண்டிருந்த 'லுக்' என்கிற பிரெஞ்சுக் கம்பெனி, 1984-ல் அதே வித்தையை சைக்கிள் பெடலுக்குக் கொண்டு வந்தது. 1985-ல் பெர்னார் ஈனோ (அஜீரணத்துக்குக் குடிக்கிற ஈனோ இல்லை) அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அதிலிருந்து உலகம் பூரா பந்தயக்காரர்கள் கூண்டைக் கழற்றிப் போட்டார்கள். சிக்னலில் நிற்கும்போது காலைத் திருப்பி விடுவிக்க மறந்து, வெட்டின மரம் மாதிரி சாய்கிற பாக்கியமும் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

சரி, திருடனைப் பிடிக்கிற கதைக்கு வருவோம். முதலில் எழுந்து நின்று மிதித்தேன். சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே சீட் நிரபராதி. அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தெருவில் மெதுவாக ஓட்டினேன். வழுக்கும், ஜாக்கிரதை. லுங்கியும் செருப்புமாக விலை உயர்ந்த சைக்கிளில் ஒருத்தன் குனிந்து குனிந்து காது கொடுத்துக்கொண்டே போவதைப் பார்த்து வாட்ச்மேன், ''என்ன சார், வீட்ல எதாவது பிரச்னையா?'' என்றார்.

கிரீச் காணோம்! டக் மட்டும் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, திருடன் ஒருத்தன் இல்லை, இரண்டு பேர்.

கிரீச் சில்லறைத் திருடன். ஷூவுக்கு அடியில் மூன்று போல்ட் போட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டுக்குப் பேர் கிளீட். என்னுடையது ஷிமானோ மஞ்சள் கலர். பாதம் 6 டிகிரி அப்படி இப்படி அசைய இடம் கொடுக்கும். முழங்காலுக்கு நல்லது. ஆனால் அசைவு இருந்தால் உரசலும் உண்டு. கடற்கரை மண்ணும் வியர்வையும் சேர்ந்தால் கச்சேரிதான். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். மூன்றில் ஒரு போல்ட் லூஸ். முடுக்கினேன். உரசுகிற இடத்தில் ஒரு சிட்டிகை முகப் பவுடர் தேய்த்தேன். போயே போச்சு. தேங்காயெண்ணெய் மட்டும் தடவாதீர்கள். மண் அப்பிக்கொள்ளும், வீட்டு டைல்ஸில் நீங்களும் சறுக்குவீர்கள்.

டக்தான் கொலைகாரன். அப்பா காலத்து சைக்கிளில் டக் என்றால் காட்டர் பின் லூஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதில் காட்டர் பின்னே கிடையாது. இடது பெடலைக் கழற்றலாமென்று 15 எம்.எம். ஸ்பேனரை வைத்தேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலாலேயே சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. மரையில் சாம்பல் கலரில் மாவு மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. விபூதி இல்லை, என் கிராங்க். பெடல் அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். லூசாக இருந்தால் இரும்பு அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மரை மொத்தமும் போனால், மிதிக்கிற மிதியில் பெடல் தனியே பிடுங்கிக்கொண்டு வரும். அந்தப் பெடலோடு கட்டிப்போட்டிருப்பது என் காலை. அதே பெடலோடு பன்னிரண்டு ஞாயிறு முட்டுக்காடு பாலத்தில், பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் போயிருக்கிறேன்.

யார் இப்படி மாட்டினது என்று கோபமாக யோசித்தேன். நான்தான். பழைய சைக்கிளிலிருந்து கழற்றி, கிரீஸ் வைக்காமல், கையால் முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு. சரியாக முடுக்கியிருந்தால்தான் அது காப்பாற்றும். என்னைப் போல மாட்டினால் பகவான்தான். எந்தப் பக்கம் திருகுவது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வழி. ஸ்பேனரை மேலே நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெடலுக்குமே, முன் சக்கரம் பக்கம் தள்ளினால் முடுக்கும், பின் சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும்.

முதல் இரண்டு சுற்று மரை மழுங்கியிருந்தது. மிச்சம் தப்பித்தது. துடைத்து, கிரீஸ் தடவி, முதலில் கையால் சுற்றி, அப்புறம் ஸ்பேனரால் முடுக்கினேன். எவ்வளவு? ஒரு சாண் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட அளவுக்கு. வலதையும் கழற்றி அதே மாதிரி செய்தேன். உப்புக் காற்றில் கிரீஸ் இல்லாமல் கிடந்தால் பின்னால் கழற்றவே வராது.

போன ஞாயிறு அக்கரை தாண்டியும் சத்தமே இல்லை. முன்னால் போனவர் திடுக்கிட்டு, ''பெல் அடிச்சுட்டு வாங்க சார், பூனை மாதிரி வர்றீங்களே'' என்றார்.

பெருமையோடு வீட்டில் வந்து சொன்னேன். மனைவி முழுசும் கேட்டாள். ''ஏங்க, அந்த கிரீஸ் டப்பால மிச்சம் இருக்கா?'' என்றாள்.

பின்கட்டுக் கதவு மூன்று வருஷமாகக் கிரீச்சிடுகிறதாம்.