எள்ளை மறந்த எண்ணெய்

‘தேங்காயெண்ணெய்’ என்பது வழுவென்று கண்டிப்போர் நம்மிடையே சிலர் உளர். எள்ளின் நெய்யே எண்ணெய். தேங்காயில் எண்ணெய் பிறப்பது எங்ஙனம் என்பது அவர் வினா. சொற்பிறப்பு நோக்கின் அவர் கூற்று உண்மையே. ஆயினும் மாணாக்கன் ஏட்டிலே அச்சொல்லின்மேற் சிவப்புக் கோடிடுதற்கு அது போதிய நியாயமன்று என்பது என் துணிபு.

பவணந்தியார் நன்னூற் பதவியலிலே பகுபதத்துக்கு ஆறு உறுப்புக்கள் வகுத்தார். இக்காலத்து உளமொழியியலார் எழுப்பும் வினா வேறு. பேசுவோன் ஒவ்வொரு முறையும் உறுப்புக்களைக் கூட்டிச் சொல்லை ஆக்குகின்றானா, அன்றி உள்ளத்திலே முழுதாக இருப்பதை எடுத்து வழங்குகின்றானா?

1958 இல் ஜீன் பேர்க்கோ என்னும் அமெரிக்க அம்மையார், தாம் புனைந்த பொருளற்ற சொற்களைச் சிறுவர்க்குக் கூறி அவற்றின் பன்மையைக் கேட்டார். முன் கேட்டறியாத அச்சொற்களோடும் சிறுவர் பலர் பன்மை விகுதியைப் பொருந்தச் சேர்த்தனர். விகுதி உள்ளத்திலே தனித்தும் உறைகின்றது என்பதற்கு இது சான்று. 1975 இல் டாஃப்ட், ஃபோர்ஸ்டர் என்னும் இருவர், முன்னொட்டோடு கூடிய சொற்கள் பிரித்தே அறியப்படுகின்றன என்றனர். 1983 இல் பட்டர்வேர்த் என்பார், சொற்கள் முழுமையாகவே வைக்கப்பட்டுள்ளன என்று மறுத்தார். இரு வழியும் உண்டென்பதே பின்வந்தோர் பலர் கருத்து. பயின்ற சொல் முழுதாக வரும். புதிய சொல் பிரிந்து விளங்கும்.

முழுதாகப் பயின்ற சொல்லின் உறுப்பு காலப்போக்கில் நினைவினின்று நழுவுதல் இயல்பு. கண்ணாடியிலே கண் மறைந்தமையாலன்றோ ‘மூக்குக்கண்ணாடி’ என்கின்றோம்? எண்ணெயில் எள் மறைந்தது, அச்சொல் பொதுப்பெயராயிற்று. எள்ளினின்று பெறுவதற்கு ‘நல்லெண்ணெய்’ என வேறு பெயர் வேண்டியதாயிற்று; மண்ணெண்ணெயும் வந்து சேர்ந்தது. ‘தேங்காய்நெய்’ என்று திருத்துவோமாயின், கேட்போர் பசுநெய்யையன்றோ நினைப்பர்? சொல் மாறுதலை நம் முன்னோர் வெறுத்தாரல்லர். அருமருந்தன்ன என்பது ‘அருமந்த’ என மருவியது போல்வனவற்றை மரூஉ எனப் பெயரிட்டு, இயல்பு வழக்கிலேயே அடக்கினர்.

இனி, சொற்பிரிப்பே பள்ளிக்கு வேண்டா என்பாரும் உளர். அவர்க்கும் யான் உடன்படேன். விஞ்ஞான வகுப்பிலே ‘ஒளித்தொகுப்பு’ என்னுஞ் சொல்லை முதன்முறை காணும் பிள்ளைக்கு, ஒளியையும் தொகுப்பையும் வேறுபிரித்துக் காட்டுதலே பொருளுக்கு வாயிலாகும். நாமோ, பிள்ளை நன்கறிந்த ‘நடந்தான்’ என்பதைப் பரீட்சைக்காக நூறுமுறை அறுவிக்கின்றோம். அறியாத கலைச்சொல்லை அறுக்காமலே விழுங்கச் செய்கின்றோம்.

புதுச்சொல்லைப் பிரித்துக் காட்டுக. பழகிய சொல்லின் பிறப்பைக் கதையாகக் கூறுக. அதனைக் காட்டிப் புள்ளி குறைத்தலை ஒழிக. ஆசிரியர்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இதுவே.